இரவு 11 மணிக்குப் பிறகு ஒரு சூடான ரோல்

இங்கிலாந்தில் இரவு 10:59க்கு ஒரு மட்டன் ரோலைச் சூடாக விற்க இரவு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. இரண்டு நிமிடம் கழித்து, 11:01க்கு, லைசென்ஸ் இல்லாமல் அதே ரோலை அதே ஆளுக்கு விற்றால் குற்றம். ஆறிய ரோலாகக் கொடுத்தால் குற்றமில்லை. ஆறிய ரோலைக் கொடுத்துவிட்டு, "மூலையில மைக்ரோவேவ் இருக்கு, நீங்களே சூடாக்குங்கோ" என்று சொன்னால் மறுபடியும் குற்றம். காலை 5 மணியானதும் எல்லாம் பழையபடி சரியாகிவிடும்.

இதைக் கேட்டால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். தண்டனையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். 6 மாதம் வரை சிறை, அல்லது உச்சவரம்பு இல்லாத அபராதம், அல்லது இரண்டும். ஒரு ரோலுக்காக யாரையும் உள்ளே போட்டதாக நான் கேள்விப்படவில்லை. நடப்பது வேறு. யாரோ முறைப்பாடு செய்வார்கள், உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். கடைக்காரர் அதைத் திறந்து பார்க்காமல் கல்லாவுக்குக் கீழே செருகிவிடுவார். பிறகு ஒரு வெள்ளி இரவு பதினொன்றரைக்கு ஒரு ஆள் வந்து சிப்ஸும் சிக்கனும் வாங்கி, மறக்காமல் ரசீதும் கேட்பார். ரசீது கேட்கிறவர் பசிக்கு வாங்க வந்தவர் இல்லை என்பது அந்த நேரத்துக் கூட்டத்தில் யாருக்கும் உறைப்பதில்லை.

நான் வடமேற்கு லண்டனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். கோழிக் கடை, கொத்துரொட்டிக் கடை, மூலைக் கடை, ஒரு சலூன். வாட் என்கிற விற்பனை வரிக் கணக்கும் சம்பளக் கணக்கும்தான் என் வேலை. ஆனால் நம்மவர்களிடம் "உமக்கு இங்கிலீஷ் தெரியும்தானே தங்கச்சி" என்ற ஒரு தகுதி போதும், எல்லா ஃபோர்மும் நம் மேசைக்கு வந்துவிடும். அப்படித்தான் இந்த இரவு உணவு லைசென்ஸும் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. நான் வழக்கறிஞர் இல்லை. ஃபோர்ம் நிரப்பியும், லைசென்ஸ் கொடுப்பதா என்று முடிவு செய்கிற கவுன்சில் சப்-கொமிட்டி அறைகளில் பின்வரிசையில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தின் பெயர் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2005 நவம்பரில். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். சாராயம், பாட்டு, நாடகம் இவற்றோடு சேர்த்து 'பின்னிரவுச் சிற்றுண்டி' என்று ஒன்றையும் அதில் போட்டிருக்கிறார்கள். இரவு 11 முதல் காலை 5 வரை பொதுமக்களுக்குச் சூடான சாப்பாடோ சூடான பானமோ கொடுப்பதுதான் அது. இது ஏதோ புது யோசனை என்று நினைக்கவேண்டாம். இதற்கு முன் 1969இல் ஒரு சட்டம், அதற்கும் முன் விக்டோரியா ராணி காலத்தில் 1860இல் ஒரு சட்டம். ராத்திரியில் விழித்திருந்து சாப்பிடுகிறவன்மேல் இந்த நாட்டுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சூட்டின்மேல் ஏன் இத்தனை கண் என்று எனக்கும் கேள்வி இருந்தது. சாண்ட்விச் வாங்கினவன் நடந்துகொண்டே இருப்பான், சூடான கெபாப் வாங்கினவன் கடை வாசலில் நின்று சாப்பிடுவான் என்பது ஒரு காரணம். பப் மூடியதும் வெறியில் வருகிற கூட்டம் சூடான கடையைத் தேடித்தான் வரும், வரிசையில் தள்ளுமுள்ளு அங்கேதான் தொடங்கும் என்பது பொலிஸ் சொல்லும் காரணம். அதில் உண்மை இருக்கிறது. கணக்கு எழுதுகிற எனக்கு இன்னொரு கதையும் நினைவுக்கு வரும். 2012 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் சுடச்சுட விற்கிற பேஸ்ட்ரிக்கு 20 சதவீத வாட் போடப் பார்த்தார். நாடு முழுக்கக் கூச்சல். பேஸ்ட்ரி அறைச் சூட்டைவிட எத்தனை பாகை அதிகமாக இருந்தால் அது 'சூடானது' என்று பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. இரண்டு மாதத்தில் பின்வாங்கினார். சூடு என்பதை வரையறுக்கப் போய் மாட்டிக்கொண்ட அரசாங்கம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்த நம்மவர்களுக்கு இந்தச் சட்டம் கோப்பி மெஷின் வழியாகத்தான் அறிமுகம். வாடிக்கையாளர் மெஷினிலேயே காசு போட்டுக் கோப்பி எடுத்தால் லைசென்ஸ் வேண்டாம். மெஷினில் கோப்பி எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் காசு கொடுத்தால் வேண்டும். ஒரே மெஷின், ஒரே கோப்பி. ஹோட்டலில் தங்கியிருக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். காசு வாங்காமல் சும்மா கொடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குள்ளும் கொடுக்கலாம். 2015க்குப் பிறகு, விரும்பினால் ஒரு இடத்தையோ ஒரு வகைக் கடையையோ விலக்கிவிடும் அதிகாரம் கவுன்சில்களுக்குக் கிடைத்தது. ஆகவே ஊருக்கு ஊர் வித்தியாசப்படும். உங்கள் கவுன்சிலின் கொள்கை அறிக்கையை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். நீளமாக, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் கடைசியில் கொமிட்டி மேற்கோள் காட்டப்போவது அதைத்தான்.

இனி அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. "கடையைப் பூட்டிப்போட்டு டெலிவரி மட்டும் செய்தா லைசென்ஸ் வேண்டாம்தானே?" வேண்டும். சட்டத்தில் 'கடையில்' என்று மட்டும் இல்லை, 'கடையிலிருந்து' என்றும் இருக்கிறது. கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, பின்வாசலால் பை பையாகப் போனாலும் 11க்குப் பிறகு அது பின்னிரவுச் சிற்றுண்டிதான். மோட்டார்சைக்கிள் பெடியள் வந்த பிறகுதான் முறைப்பாடுகளே கூடின என்பது வேறு கதை.

செலவைச் சொல்கிறேன். கட்டணம் கடையின் ரேட்டபிள் பெறுமதியைப் பொறுத்தது. வாடகையை எழுதி அனுப்பிவிட்டு ஏன் திரும்பி வந்தது என்று கேட்காதீர்கள். பிசினஸ் ரேட், அதாவது கடைக் கட்டிடத்துக்கான வரி, அந்தப் பில்லில் இருக்கிற எண் அது. 4,301 முதல் 33,000 வரை என்றால் விண்ணப்பத்துக்கு 190 பவுண், பிறகு வருடா வருடம் 180. 33,001 முதல் 87,000 வரை என்றால் 315, வருடத்துக்கு 295. இது 2005இல் வைத்த விலை. வாடகை ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, கோழி ஏறிவிட்டது, என் கட்டணமும் கொஞ்சம் ஏறிவிட்டது. இது மட்டும் அசையவில்லை.

ஆனால் 190 பவுணோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போடவேண்டும், விண்ணப்பித்து 10 வேலை நாளுக்குள். பல வேளை அதற்கே லைசென்ஸ் கட்டணத்தைவிட அதிகம் போகும். அந்தப் பத்திரிகையை எங்கள் தெருவில் யார் வாங்கி வாசிக்கிறார்கள் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் நீலத் தாள். வெளிர்நீலத்தில், ஏ4க்குக் குறையாத தாளில், 16 அளவுக்குக் குறையாத எழுத்தில் அச்சடித்து, தெருவில் போகிறவர் நின்று வாசிக்கக்கூடிய மாதிரிக் கடைக் கண்ணாடியில் 28 நாள் ஒட்டியிருக்கவேண்டும். நம் கடைக்காரர்கள் அதை ஒட்டுவார்கள், மறுநாள் அதன்மேல் 'ஞாயிறு ஸ்பெஷல் ஆட்டுக்கறிப் பிரியாணி' போஸ்டரையும் ஒட்டுவார்கள். கவுன்சில் அதிகாரி நடந்து வந்து பார்த்து, தாள் தெரியவில்லை என்று சொன்னால் 28 நாள் மறுபடி முதலிலிருந்து. ஒட்டிய அன்றைக்கும், பிறகு இடையிடையேயும் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் போடச் சொல்லுவேன்.

இந்த 28 நாளில் பொலிஸ், தீயணைப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம், கட்டிடப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுக்கிற பிளானிங், வியாபார ஒழுங்கைப் பார்க்கிற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், 2017இலிருந்து உள்துறையான ஹோம் ஒஃபிஸ் என்று எல்லோரும் கருத்துச் சொல்லலாம். தெருவில் இருக்கிற யாரும் சொல்லலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்தே ஆகவேண்டும். யாராவது எதிர்த்தால்தான் ஹியரிங், அதாவது கொமிட்டி முன் விசாரணை.

ஹியரிங்குக்கு முன் பிளானிங் பற்றி ஒரு வார்த்தை. லைசென்ஸ் வேறு, பிளானிங் வேறு. கவுன்சிலின் ஒரு பிரிவு இரவு 2 மணி வரை திற என்று லைசென்ஸ் கொடுக்கும். அதே கட்டிடத்தில் இன்னொரு பிரிவு, இருபது வருடத்துக்கு முன் கொடுத்த பிளானிங் அனுமதியில் '23:00க்குப் பிறகு திறக்கக்கூடாது' என்று போட்டிருக்கும். இரண்டில் எது இறுக்கமோ அதன்படிதான் நடக்கவேண்டும். போதாக்குறைக்கு, 2020 செப்டெம்பரில் பிளானிங் வகைகளை மாற்றியபோது ஹொட் ஃபுட் டேக்அவேயை, அதாவது சூடான சாப்பாட்டைக் கட்டிக் கொடுக்கிற கடையை, தனி இனமாக ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்து உடுப்புக் கடையை எடுத்து அனுமதியில்லாமல் டேக்அவே ஆக்க முடியாது. லண்டன் திட்டம் என்கிற 2021ஆம் ஆண்டு நகரத் திட்டத்தின்படி பள்ளிக்கூட வாசலிலிருந்து 400 மீட்டர் நடைத்தூரத்துக்குள் புது டேக்அவேக்கு அனுமதி கிடைப்பதும் கஷ்டம். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும். போட்ட பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

சரி, ஹியரிங். கடைக்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், பெற்றோல் ஸ்ரேசனில் பல வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசில் கொத்துரொட்டிக் கடை போட்டவர். லண்டன் பாதாள ரயிலின் ஜூபிலி வழியில் ஒரு ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் கடை. 2016இலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் ஓடுகிற பாதை அது, கொரோனா காலத்தில் நின்று 2022இல் திரும்ப வந்தது. இரவு ஒரு மணி ரயிலில் இறங்குகிற சனத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனம் கேட்கவில்லை. தினமும் இரவு 2 மணி வரை என்று விண்ணப்பித்தோம்.

பொலிஸ் முதலில் எதிர்த்தது. பேசித் தீர்த்தோம். கேமரா, 31 நாள் பதிவு, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் கடையில், நடந்த சம்பவங்களை எழுதிவைக்க ஒரு புத்தகம். ஒப்புக்கொண்டதும் அவர்கள் எதிர்ப்பை மீளப் பெற்றார்கள். மிச்சம் இருந்தது சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவின் சத்த அதிகாரியும், கடைக்கு மேல் ஃபிளாட்டில் இருக்கிற ஒரு பெண்ணும், தெருவில் இன்னும் சிலரும்.

ஹியரிங்குக்கு முதல்நாள் அண்ணை தான் பேசப்போவதை எனக்கு வாசித்துக் காட்டினார். நாலு பக்கம். ஊரைவிட்டு வந்த கதை, நின்றுகொண்டே வேலை செய்து வந்த கால்வலி, மனைவி விடியற்காலை எழும்பி ரொட்டிக்கு மாப் பிசைவது, கடன், சுகாதாரத்தில் 5க்கு 5 வாங்கிய ஸ்டிக்கர். கேட்க எனக்கே கண் கலங்கியது. ஆனால் அதில் ஒரு வரிகூட அந்த அறைக்குத் தேவையில்லை. நம்மவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கொமிட்டி நாலே நாலு விஷயத்தைத்தான் பார்க்கலாம். குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் பார்ப்பது. உங்கள் கறி ருசியா, சமையலறை சுத்தமா என்பது அந்த நாலில் இல்லை. சுத்தத்துக்கு வேறு சட்டம் இருக்கிறது. கடின உழைப்பும் அந்த நாலில் இல்லை. உள்ளே என்ன சமைக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கப்போவதில்லை, உங்கள் வாசலில் இரவு ஒன்றரைக்கு என்ன நடக்கும் என்றுதான் கேட்பார்கள். வரிசை எங்கே நிற்கும், பெட்டியை யார் பொறுக்குவது, டெலிவரிப் பெடியள் எங்கே காத்திருப்பார்கள், எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் எத்தனை மணிக்கு நிற்கும். நாலு பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக ஒன்றரைப் பக்கம் எழுதினோம். அண்ணைக்கு மனமில்லை. "அப்ப நான் ஆரெண்டே சொல்லத் தேவையில்லையோ?" என்று கேட்டார். இரண்டு வரி சொல்லுங்கள் என்றேன்.

இது எதிர்க்கிறவர்களுக்கும் பொருந்தும். வந்திருந்த எதிர்ப்புகளில் பாதி, 'இந்தத் தெருவில் ஏற்கனவே எத்தனையோ டேக்அவே, இன்னொன்று எதற்கு' என்ற மாதிரி. தேவையா இல்லையா என்பது லைசென்ஸ் கொமிட்டியின் கேள்வி இல்லை. கடைகள் குவிந்த இடம் என்று கவுன்சில் முன்கூட்டியே ஆதாரத்தோடு அறிவித்து வைத்திருந்தால் மட்டும் அந்த வாதம் ஏறும். அப்படி அறிவித்த இடமென்றால் நிலைமை தலைகீழ், நிரூபிக்கவேண்டிய பாரம் விண்ணப்பிக்கிறவர் தலையில். எங்கள் தெரு அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொருவர் பிள்ளைகள் எண்ணெய்ச் சாப்பாட்டால் குண்டாகிறார்கள் என்று எழுதியிருந்தார். உண்மைதான், என் மகனையே பார்க்கிறேன். ஆனால் பொதுச் சுகாதாரம் அந்த நாலுக்குள் வராது.

வெறும் பயமும் போதாது. 2008இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் விர்ரல் (Wirral) என்ற இடத்தில் ஒரு பப்பின் நேரம் பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: இப்படி நடந்துவிடுமோ என்ற அச்சத்தை வைத்து நேரத்தைக் குறைக்கக்கூடாது, சான்று வேண்டும். துவைட்ஸ் வழக்கு என்பார்கள். இந்தத் துறையில் எல்லோரும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

மேல்வீட்டுப் பெண்ணிடம் சான்று இருந்தது.

அவர் பஸ் ஓட்டுகிறவர். முதல் ஷிஃப்ட். விடிய நாலு மணிக்கு முன்னரே எழும்பவேண்டும். அறையில் மூன்று கவுன்சிலர்கள், சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்கிற ஒரு பெண். இரண்டு பக்கத்துக்கும் பேசச் சம நேரம் என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் கோபப்படாமல் தொடங்கினார். "எனக்குக் கடையோடு பிரச்சினை இல்லை. நானும் அங்கே வாங்கிச் சாப்பிடுகிறேன். நல்ல மனிதர்." அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவர் முன்கூட்டியே கவுன்சிலுக்கு அனுப்பியிருந்த ஒலிப்பதிவைப் போட்டார்கள். தன் படுக்கையறையில் போனைத் தலையணைமேல் வைத்து எடுத்தது.

டக்டக்-டடக், டக்டக்-டடக்.

லண்டனில் இருக்கிற எந்தத் தமிழருக்கும் அந்தத் தாளம் தெரியும். பெரிய இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளால் ரொட்டியையும் முட்டையையும் கறியையும் கொத்துகிற சத்தம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது, உண்மையைச் சொன்னால் என்ன. ஊரில் ஒரு கொத்துக் கடை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுகிற வழக்கமே கிடையாது. அந்தச் சத்தம்தான் விளம்பரப் பலகை. அறையில் மற்றவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது என்ன இயந்திரம்?" என்று கேட்டார்.

அண்ணை எழும்பினார். இயந்திரம் இல்லை என்று சொல்லி, இரண்டு கையையும் கத்திபோல் நிமிர்த்தி மேசைமேல் காற்றில் கொத்திக் காட்டினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, நடுவில் தகடால் அள்ளிப் புரட்டுகிறது, மறுபடி கொத்து. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பை ஆடியது. ஒரு கவுன்சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து பேப்பரைப் பார்த்தார். மேல்வீட்டுப் பெண்ணும் சிரித்தார், "ஆமாம், இதேதான்" என்றார்.

சத்த அதிகாரி சிரிக்கவில்லை. அந்தக் கல் நிற்கிற சுவரும் மேலே படுக்கையறைத் தூணும் ஒரே கட்டுமானம், காற்றில் போகிற சத்தத்தைவிடக் கட்டிடத்தின் வழியாக ஏறுகிற அதிர்வுதான் பிரச்சினை என்று விளக்கினார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டும் பலனில்லை என்று அந்தப் பெண் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. தலைவர் கேட்டார்: "11 மணிக்கு முன்பே கொத்தி வைத்துக்கொள்ளலாமே, பிறகு சூடாக்கிக் கொடுக்கலாமே?"

அண்ணையின் முகத்தைப் பார்க்கவேண்டும். நாலு பக்கப் பேச்சை வெட்டியபோதுகூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. "கொத்தி வைச்சா அது கொத்தில்லை, நேற்றையச் சாப்பாடு" என்று தமிழிலேயே என்னிடம் சொன்னார். நான் அதை, அப்படிச் செய்தால் தரம் பாதிக்கப்படும் என்று அடக்கமாக இங்கிலீஷில் சொன்னேன்.

பிறகு நடந்த அரை மணி நேரப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கல்லுக்குக் கீழே தடித்த ரப்பர் போட்டால் என்ன, எதிர்ச் சுவருக்கு நகர்த்தினால் என்ன, எரிவாயுக் குழாயை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சமையல் தெரியாத ஆறு பேர் ஒரு கொத்துக் கல்லை வைத்து மண்டையை உடைத்தார்கள். இன்னொரு சிக்கலைச் சட்ட ஆலோசகர் எடுத்துப் போட்டார். இந்த லைசென்ஸின் நிபந்தனை 11 மணிக்குப் பிறகு நடப்பதற்குத்தான். ஒன்பது மணிக்குக் கொத்துகிற சத்தத்தை இந்தக் கொமிட்டி தொட முடியாது. அது தொல்லை என்றால் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேறு வழியாகப் போகவேண்டும். மேல்வீட்டுப் பெண் ஒன்பது மணிச் சத்தம் பரவாயில்லை, தான் பத்துக்குத்தான் படுப்பேன் என்றார். 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணையும் நானும் அதைக் கிளறப் போகவில்லை.

முடிவு அன்றைக்கே சொல்லவில்லை. 5 வேலை நாளுக்குள் எழுத்தில் வந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவு 12. வெள்ளி, சனி இரவுகளில் 2 மணி. கடைசி ஓர்டர் மூடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு. டெலிவரிப் பெடியள் என்ஜினை அணைக்கவேண்டும், வாசலில் கூடி நிற்கக்கூடாது. மூடுகிறபோது இரண்டு பக்கமும் நடந்து குப்பை பொறுக்கவேண்டும். அப்புறம் இது, நான் மொழிபெயர்த்தே எழுதுகிறேன்: '23:00 மணிக்குப் பின் சூடான தட்டின்மீது உலோகக் கருவிகளால் உணவை வெட்டவோ அடிக்கவோ கூடாது.' கொத்து என்ற சொல்லே இல்லாமல் கொத்தைத் தடைசெய்த பத்தி அது. பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். செய்யவில்லை. வெள்ளி, சனி இரண்டு மணி கிடைத்ததே பெரிய காரியம்.

இப்போது 11க்குப் பிறகு அங்கே ரொட்டியைக் கத்தியால் அரிந்து தாச்சியில் பிரட்டிக் கொடுக்கிறார்கள். பெயர் 'சைலன்ற் கொத்து' என்று பெடியள் வைத்துவிட்டார்கள். நான் சாப்பிட்டுப் பார்த்தேன். உறைப்பு சரி, உப்பு சரி, ஆனால் ரொட்டி குழம்பை உள்ளே இழுக்கவில்லை, துண்டு துண்டாகத் தனியே நிற்கிறது. கொத்தும்போது ரொட்டியின் ஓரம் நசிந்து பிய்வதால்தான் குழம்பு ஏறுகிறது என்பது எனக்கு அதற்குப் பிறகே தெரிந்தது. இரவு ஒன்றரைக்கு ரயிலில் வருகிறவர்கள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கணக்கைப் பார்க்கிறவள் நான். அந்த இரண்டு இரவுகளின் விற்பனை நன்றாகவே இருக்கிறது.

கணக்கு என்றதும் ஒன்று. லைசென்ஸை யார் பெயரில் எடுக்கிறீர்கள் என்று யோசித்து எடுங்கள். இதற்குக் காலாவதி கிடையாது, வருடக் கட்டணம் கட்டினால் போதும், கட்டாவிட்டால் இடைநிறுத்திவிடுவார்கள். ஆனால் வைத்திருக்கிறவர் இறந்தாலோ திவாலானாலோ லைசென்ஸ் அப்போதே விழுந்துவிடும். கம்பனி பெயரில் இருந்து, கம்பனி கலைந்தாலும் அதேதான். கம்பனிகளைப் பதிவு செய்கிற கம்பனீஸ் ஹவுஸுக்கு வருடக் கணக்கு அனுப்பாமல் விட்டு, அவர்கள் கம்பனியைப் பதிவிலிருந்து நீக்கி, கடை என்னவோ வழக்கம்போல இரவு இரண்டு வரை ஓடிக்கொண்டிருக்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். 28 நாளுக்குள் வேறு பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் தப்பலாம். தாண்டினால் நீலத் தாள், பத்திரிகை விளம்பரம், மேல்வீட்டுக்காரர், எல்லாம் முதலிலிருந்து. நடக்கிற கடையை வாங்குகிறவர்களும் லைசென்ஸ் தாளைக் கையில் வாங்கி, அதில் இருக்கிற பெயர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மனிதரானாலும் சரி, கம்பனியானாலும் சரி.

அண்ணை கல்லை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டார். கீழே ரப்பரும் போட்டாயிற்று, எரிவாயுக் குழாய் மாற்றியதற்கு பில்லும் என்னிடம் வந்துவிட்டது. இனி அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிடக் கேட்கவேண்டும் என்கிறார். சின்ன மாற்றம் என்ற 89 பவுண் வழியில் அது போகாது. சத்தத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் முழு விண்ணப்பம், மறுபடி 28 நாள். முதலில் மேல்வீட்டுக்காரரோடு கதைத்து, அவர் தன் அறையில் இருக்கும்போது ஒருக்கால் கொத்திக் காட்டி, கேட்கிறதா என்று கேளுங்கள், அவர் எழுதித் தந்தால் பாதி வேலை முடிந்தது என்றேன். அண்ணைக்கு வெட்கம். "தங்கச்சி, அவவோட நீரே போய் ஒருக்காக் கதைச்சுப் பாருமன். உமக்குத்தானே இங்கிலீஷ் தெரியும்."